பதினாறு பல் போட்டால் பறக்குமா?

போன சாரலில் என் பேரன் புளியரைக்கு மேலே எஸ் வளைவில் வண்டியோடு சாய்ந்தான். அவனுக்கு முழங்கையில் சிராய்ப்பு. பின்னால் உட்கார்ந்திருந்த அவன் நண்பனுக்குக் கணுக்கால் எலும்பு முறிந்து ஆறு வாரம் மாவுக்கட்டு. செய்தி தெரிந்ததும் காசி விசுவநாதர் கோயில் பக்கத்து டீக்கடையில் நம் வயதுக்காரர்கள் ஒரே குரலில் தீர்ப்புச் சொன்னார்கள்: "ஸ்பீடு வண்டில்லா, அப்படித்தான் ஆகும்."

ஸ்பீடே இல்லை சார். வண்டி அப்போது பத்து கிலோமீட்டர் வேகத்தில்கூடப் போகவில்லை. கேரளாவுக்குப் போகும் சரக்கு லாரிக்குப் பின்னால் ஊர்ந்து ஏறிக்கொண்டிருந்தான். வளைவின் நடுவில் இன்ஜின் இடித்து நின்றுவிட்டது. காலை ஊன்றிய இடத்தில் ஈரம், வழுக்கியது, அவ்வளவுதான்.

இன்ஜின் ஏன் நின்றது என்று கேட்க ஒருவரும் இல்லை. போக்குவரத்துக் கழகப் பணிமனையில் 33 ஆண்டு கிரீஸ் கையோடு இருந்தவன் என்பதால் நான் போய்ச் செயின் கவரைக் குனிந்து பார்த்தேன். முன் ஸ்ப்ராக்கெட்டில் 16 பல்!

அவனுடையது கேடிஎம் ஆர்சி 390. கம்பெனி போடுவது முன்னால் 15, பின்னால் 45. அதாவது முன்சக்கரம் மூன்று சுற்றுச் சுற்றினால் பின்சக்கரம் ஒரு சுற்று. முன்னால் 16 போட்டால் விகிதம் 2.81 ஆகிவிடும். ஒரே ஒரு பல்தான், ஆனால் பின் டயருக்குப் போகும் இழுவிசையில் எல்லாக் கியரிலும் ஆறு சதவீதம் போய்விட்டது. வழக்கமாக இரண்டாவது கியரில் திணறாமல் ஏறுகிற இடத்தில், பின்னால் ஓர் ஆளையும் வைத்துக்கொண்டு, அதே இரண்டாவதில் ஏற்றப் பார்த்திருக்கிறான். முதல் கியருக்கு இறக்காதது அவன் தப்பு, அதை நான் மறைக்கவில்லை. ஆனால் அந்தப் பல்லை மாட்டிவிட்ட கடைக்காரர் (பெயர் வேண்டாம்) "டாப் ஸ்பீடு கூடும் தம்பி" என்று மட்டும் சொல்லி அனுப்பியிருக்கிறார். ஏற்றத்தில் என்ன ஆகும் என்று ஒரு வார்த்தை இல்லை.

அந்த டாப் ஸ்பீடும் கூடாது என்பதுதான் வேடிக்கை. ஸ்ப்ராக்கெட் இன்ஜினுக்குச் சக்தி தராது. இருக்கிற சக்தியை வேகமாகவோ இழுவையாகவோ மாற்றிக் கொடுக்கிற தரகர் அது. வேகத்தைப் பத்து சதவீதம் கூட்ட வேண்டுமானால், காற்றைக் கிழிப்பதற்கு மட்டும் 33 சதவீதம் கூடுதல் சக்தி வேண்டும். அதை எந்தப் பல் கொடுக்கும்? பெரிய முன்சக்கரம் போட்டால் ஆறாவது கியரில் இன்ஜின் தன் முழுச் சக்தி வருகிற சுற்றை எட்டாமலே மூச்சு வாங்கும். பல வண்டிகளில் உச்ச வேகம் குறையத்தான் செய்யும். "மீட்டர்ல கூடிச்சே தாத்தா" என்றான் பேரன். "எங்கல பாத்த?" என்றேன். புளியங்குடி ரோட்டில் இறக்கத்தில், காற்று முதுகில் அடிக்கும்போது பார்த்தானாம்.

மீட்டரை நம்புகிறவர்களுக்கு இன்னொன்று. சில வண்டிகளில் வேகத்தைக் கியர்பாக்ஸிலிருந்து எடுக்கிறார்கள். அவற்றில் 14-ஐ 15 ஆக்கினால் மீட்டர் 80 என்று காட்டும்போது வண்டி உண்மையில் 85-க்கு மேல் போய்க்கொண்டிருக்கும்.

இளைஞர்களைத் திட்டியாயிற்று என்று நம்மவர்கள் சந்தோஷப்பட வேண்டாம். "கம்பெனிக்காரன் போட்டதைத் தொடாதே" என்று நீங்கள் சொல்வதும் எனக்குச் சம்மதமில்லை. கம்பெனிக்காரன் குற்றாலத்துக்கென்று தனியாக வண்டி செய்வதில்லை. மதுரை நான்குவழிச் சாலையில் ஓட்டுகிறவனுக்கும் ஆரியங்காவு ஏறுகிறவனுக்கும் பொதுவாக ஒன்றைப் போட்டு அனுப்புகிறான். அவனே மாற்றவும் செய்கிறான். 2008-ல் வந்த யமஹா ஆர்15-க்கு முன்னால் 14, பின்னால் 42. 2011-ல் வந்த இரண்டாம் பதிப்பில் பின்னால் 47. பின் டயரும் பெரிதானதால் கொஞ்சம் அதில் கழிந்தாலும், வண்டி முன்னைவிடச் சுறுசுறுப்பாக எழும்பியது. பையன்கள் கொண்டாடினார்கள். ஐந்து பல் கூடியிருப்பதை எத்தனை பேர் எண்ணிப் பார்த்தார்கள் என்று தெரியவில்லை.

பந்தயக்காரர்களைக் கேட்டுப் பாருங்கள். இருங்காட்டுக்கோட்டைக்கு ஒரு பல், கோவை கரி மோட்டார் ஸ்பீட்வேக்கு வேறு பல். கோவைப் பாதை குட்டை, நேர்ப்பாதையில் ஓடித் தீர்க்க இடமில்லை. பெட்டியில் நாலைந்து ஸ்ப்ராக்கெட் இல்லாமல் எந்தக் குழுவும் கிளம்பாது. அவ்வளவு ஏன், நம் செங்கோட்டை மீட்டர்கேஜ் ரயிலை நினைத்துப் பாருங்கள். அதே இன்ஜின்தான் மலையும் ஏற வேண்டும் என்று யாரும் பிடிவாதம் பிடிக்கவில்லையே, பின்னால் இன்னொன்றை வைத்துத் தள்ளினார்கள். பஸ்ஸிலும் மலை ரூட்டுக்கு ஒரு ரியர் ஆக்சில் விகிதம், சமவெளிக்கு ஒன்று.

ஆகவே தென்காசிப் பையனுக்கு என் சிபாரிசு, கடைக்காரர் சொன்னதற்கு நேர் எதிர். பின்னால் இரண்டு பல் கூட்டு. 45-க்கு 47 போட்டால் விகிதம் 3.13, இழுவை நான்கு சதவீதத்துக்கு மேல் கூடும். ஐந்தருவிக்கு ஏறினாலும் சரி, பழைய குற்றாலத்துச் சீசன் நெரிசலில் ஊர்ந்தாலும் சரி, கிளச்சைப் பிடித்துப் பிடித்துக் கருக்க வேண்டாம். இறங்கும்போது ஆக்சிலேட்டரை விட்டதும் இன்ஜினே வண்டியைப் பிடிக்கும். மழையில் நனைந்த சாலையில் அது பெரிய காரியம். 16 பல் போட்டவனுக்கு அந்தப் பிடியும் குறைந்துபோகிறது, முழுக்கப் பிரேக்கையே நம்பி இறங்க வேண்டும்.

முன்னால் 14 போட்டாலும் இழுவை கூடும், செலவும் குறைவு. ஆனால் சின்னச் சக்கரத்தில் செயின் அதிகமாக மடங்கும், சீக்கிரம் தேயும். எனக்குப் பின்னால் கூட்டுவதுதான் பிடிக்கும். இந்த வண்டியின் செயினில் பின்னுக்குப் பின் 5/8 அங்குலம். பின்னால் ஒரு பல் கூடினால் ஆக்சில் நாலு மில்லிமீட்டர் முன்னே வரும், இரண்டுக்கு எட்டு. அதற்கு இடம் இருக்கிறதா என்று பார்த்துவிட்டு வாங்க வேண்டும். பழைய செயினில் புது ஸ்ப்ராக்கெட் போடவே கூடாது. நீண்டுபோன செயின் புதுப் பல்லைச் சீக்கிரமே கொக்கி போல வளைத்துவிடும்.

இதனால் நெடுஞ்சாலையில் இன்ஜின் கொஞ்சம் அதிகம் கத்தும், பெட்ரோலும் கொஞ்சம் கூடும். உண்மைதான். தினமும் மதுரைக்கு ஓடுகிறவன் 45-லேயே இருக்கட்டும்.

பேரன் இப்போது 16-ஐக் கழற்றிவிட்டு 15-க்குத் திரும்பியிருக்கிறான். அடுத்த சீசனுக்குள் 47 போடலாம் என்கிறேன். "ஃப்ரெண்ட்ஸ் சிரிப்பானுவ தாத்தா" என்கிறான். அவன் அம்மாவோ எந்தப் பல்லும் வேண்டாம், வண்டியையே விற்று விடுங்கள் என்கிறாள்.