மூட்டுவலிக்கான இயற்கைச் சத்து மாத்திரைகள்: மார்பகப் புற்றுநோய்ச் சிகிச்சையில் இருக்கும் வடசென்னைப் பெண்களுக்காக எங்கள் நிலைப்பாடு

நிலைப்பாடு சுருக்கமாக

மார்பகப் புற்றுநோய்க்காக ஹார்மோன் மாத்திரை சாப்பிடும் பெண்ணுக்கு வரும் மூட்டுவலி பெரும்பாலும் அந்த மாத்திரையின் பக்கவிளைவு. அந்த வலிக்கு வைத்தியம் பார்ப்பதும் புற்றுநோய்ச் சிகிச்சையில் சேர்ந்ததே. அது மருத்துவமனையின் கடமை. இயற்கை என்ற பெயரில் விற்கப்படும் மாத்திரை, பொடி, லேகியம் எதையும் சிகிச்சை தரும் மருத்துவருக்குத் தெரியாமல் சாப்பிட வேண்டாம். அவற்றை நம்பி ஹார்மோன் மாத்திரையை நிறுத்தவே கூடாது. மஞ்சள், முடக்கத்தான், பிரண்டை, மீன் ஆகியவற்றை வழக்கமான அளவில் சாப்பாடாகச் சாப்பிடுவதற்கு எங்களுக்கு எந்த மறுப்பும் இல்லை.

ஏன் இதைப் பேசுகிறோம்

சென்னையில் பெண்களை அதிகம் தாக்கும் புற்றுநோய் மார்பகப் புற்றுநோய்தான். ராயபுரத்திலிருந்து எண்ணூர் வரையுள்ள பெண்கள் ஸ்டான்லி மருத்துவமனைக்கும், சென்ட்ரல் எதிரே உள்ள ராஜீவ் காந்தி அரசுப் பொது மருத்துவமனைக்கும், அடையாறு புற்றுநோய் மையத்துக்கும் அலைந்து சிகிச்சை பெறுகிறார்கள். அறுவைச் சிகிச்சை முடிந்து, கீமோ முடிந்து, கரண்ட் (கதிர்வீச்சு) வைத்து முடித்த பிறகு, தினம் ஒரு மாத்திரை என்று 5 ஆண்டுக்கு எழுதித் தருகிறார்கள். சிலருக்கு அது இன்னும் நீளும். பார்க்கிறவர்களுக்கு அவர் குணமானவர். ஆனால் காலையில் எழுந்தால் விரல் மடங்காது. காசிமேட்டில் மீன் ஏலம் எடுத்துக் கூடை சுமப்பவருக்கும், அரிவாள்மனையில் மீன் ஆய்ந்து கொடுப்பவருக்கும், கம்பெனியில் நின்றுகொண்டே ஷிப்ட் பார்ப்பவருக்கும் விரல் மடங்காத நாள் கூலி இல்லாத நாள். வாரியக் குடியிருப்பில் மூன்றாம் மாடிக்குப் படியேறுவதே ஒரு பாடு.

உயிர் பிழைத்ததே பெரிது, இந்த வலியைப் போய்ச் சொல்வதா என்று பல பெண்கள் ஓ.பி.யில் வாய் திறப்பதில்லை. நீண்ட வரிசையின் நடுவே மருத்துவரும் ரிப்போர்ட்டைப் பார்த்து மாத்திரையை எழுதிவிட்டு அடுத்தவரைக் கூப்பிடுகிறார். கேட்க ஆளில்லாத வலியைக் காது கொடுத்துக் கேட்கிறவர் பெரும்பாலும் வெளியே பொடி விற்கிறவர்தான். வாட்ஸ்அப்பில் வருகிற வீடியோவும், பக்கத்து வீட்டு அக்கா அன்போடு வாங்கித் தரும் டப்பாவும் அப்படித்தான் வீட்டுக்குள் வருகின்றன. இதில் எந்தப் பெண்ணையும் நாங்கள் குறை சொல்லவில்லை. வலிக்கு வழி தேடியவர் அவர். வழி சொல்லியிருக்க வேண்டியவர்கள் சொல்லவில்லை.

வலி எப்படி வருகிறது

மாதவிடாய் நின்ற பிறகும் உடலின் கொழுப்புத் திசு முதலிய இடங்களில் ஈஸ்ட்ரோஜன் சிறிதளவு உற்பத்தியாகிறது. அரோமடேஸ் என்ற நொதிதான் அதைச் செய்கிறது. அனாஸ்ட்ரோசோல், லெட்ரோசோல், எக்ஸிமெஸ்டேன் ஆகிய மாத்திரைகள் அந்த நொதியைத் தடுக்கின்றன. ஈஸ்ட்ரோஜனைக் கொண்டு வளரும் வகைப் புற்றுநோய்க்கு அதனால் தீனி கிடைக்காமல் போகிறது. அதே ஈஸ்ட்ரோஜன் எலும்புக்கும் மூட்டுக்கும் காவலாகவும் இருந்தது. அது வற்றும்போது விரல், மணிக்கட்டு, முழங்கால் எல்லாம் விறைத்து வலிக்கின்றன. இந்த மாத்திரை சாப்பிடுவோரில் ஏறத்தாழ பாதிப் பேருக்கு இந்த வலி வருகிறது. பெரும்பாலும் முதல் சில மாதங்களிலேயே தொடங்கிவிடும். இது கற்பனை இல்லை, வயதாகிவிட்டது என்று ஒதுக்கத் தக்கதும் இல்லை.

வலி தாங்காமல் மாத்திரையை நிறுத்துவதுதான் உண்மையான ஆபத்து. ஹார்மோன் மாத்திரையின் பலன் சாதாரணமானதன்று. டமாக்சிஃபென் என்ற மற்றொரு வகை ஹார்மோன் மாத்திரையை 5 ஆண்டு சாப்பிட்டவர்களில், இந்த நோயால் நேரும் இறப்பு 15 ஆண்டுக் காலத்தில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு குறைந்தது. மாதவிடாய் நின்றவர்களுக்கு நோய் திரும்பாமல் காப்பதில் அரோமடேஸ் தடுப்பு மாத்திரைகள் டமாக்சிஃபெனைவிடவும் ஒரு படி மேல். இந்தக் காவலை விட்டுக்கொடுக்காமல் வலியைக் குறைக்கும் வழியைத்தான் தேட வேண்டும்.

ஆய்வுகள் சொல்வது

மீன் எண்ணெய் மாத்திரை: இந்த வலிக்கென்றே அமெரிக்காவில் 249 பெண்களிடம் நடந்த ஆய்வு 2015இல் வெளிவந்தது. பாதிப் பேருக்கு தினம் 3.3 கிராம் ஒமேகா-3, மீதிப் பேருக்கு அதேபோல் தோற்றமளிக்கும் வெறும் தாவர எண்ணெய் மாத்திரை. 24 வாரம் கழித்துப் பார்த்தால் இரு பக்கமும் வலி பாதிக்கு மேல் குறைந்திருந்தது. இரண்டுக்கும் வேறுபாடு இல்லை. இந்த முடிவு நம் எல்லோருக்கும் முக்கியம். ஒரு பொடி சாப்பிட்டு வலி குறைந்தது என்று ஒரு பெண் சொன்னால் அவர் பொய் சொல்லவில்லை, வலி குறைந்தது உண்மை. குறைத்தது அந்தப் பொடிதானா என்பதை அவருடைய அனுபவத்தை மட்டும் வைத்துச் சொல்ல முடியாது.

குளுக்கோசமைன், காண்ட்ராய்ட்டின்: 2013இல் வெளிவந்த சிறு ஆய்வில் பலருக்கு வலி குறைந்தது. ஆனால் ஒப்பிட்டுப் பார்க்க, மருந்தில்லா மாத்திரை பெற்ற குழு அதில் இல்லை. மீன் எண்ணெய் ஆய்வு காட்டியதை நினைத்தால் இதைச் சான்றாக ஏற்பது கடினம். இறால், நண்டு ஒவ்வாதவர்களும், ரத்தம் உறையாமல் இருக்க வார்ஃபரின் சாப்பிடுவோரும் இதைத் தொடும் முன் மருத்துவரைக் கேட்க வேண்டும்.

வைட்டமின் டி: குறைபாடு இருந்தால் எலும்புக்காகக் கட்டாயம் சரிசெய்ய வேண்டும். மூட்டுவலி மருந்தாக அதிக அளவில் கொடுத்துப் பார்த்த ஒப்பீட்டு ஆய்வுகள் உறுதியான பலனைக் காட்டவில்லை. அளவு மீறினால் ரத்தத்தில் கால்சியம் ஏறிச் சிறுநீரகம் கெடும்.

மஞ்சள் மாத்திரை: நெதர்லாந்தில் 2019இல் வெளிவந்த ஆய்வில், மஞ்சளில் உள்ள குர்குமினை மிளகுச் சத்தோடு சேர்த்துச் சாப்பிட்ட பெண்களின் ரத்தத்தில் டமாக்சிஃபென் உருமாறி வேலை செய்யும் வடிவத்தின் அளவு குறைந்தது. இத்தாலியில் அதே ஆண்டு, மஞ்சள் மாத்திரை சாப்பிட்ட பலருக்குக் கல்லீரல் அழற்சி வந்ததாகப் பதிவானது. குழம்பில் போடும் ஒரு சிட்டிகையைப் பற்றி இது பேசவில்லை. ஒரு நாள் சமையலில் சேராத அளவை ஒரே மாத்திரையில் அடைப்பது பற்றியது.

பலன் தெளிவாகத் தெரிந்தவை வேறு. 2015இல் வெளிவந்த, 121 பெண்கள் பங்கேற்ற அமெரிக்க ஆய்வில், வாரம் 150 நிமிடம் வேக நடை போன்ற பயிற்சியோடு வாரம் இரு முறை தசை வலுவேற்றும் பயிற்சியும் செய்தவர்களுக்கு ஓராண்டில் கடும் மூட்டுவலி 29 சதவீதம் குறைந்தது. செய்யாதவர்களுக்குக் குறையவில்லை. 226 பெண்கள் பங்கேற்ற, 2018இல் வெளிவந்த ஆய்வில் அக்குபங்சர் ஓரளவு பலன் தந்தது. அதே ஆண்டு வெளிவந்த மற்றொரு ஆய்வில் டுலாக்செட்டின் என்ற மாத்திரையும் பலன் தந்தது. ஒரு ஹார்மோன் மாத்திரை ஒத்துக்கொள்ளாவிட்டால் மருத்துவர் வேறொன்றுக்கு மாற்றவும் முடியும். இத்தனை வழிகள் இருப்பது எங்கள் பகுதியில் பெரும்பாலான பெண்களுக்குச் சொல்லப்படுவதில்லை.

எங்கள் நிலைப்பாடு

1. முடக்கத்தான் தோசை, பிரண்டைத் துவையல், மஞ்சள் சேர்த்த குழம்பு, மத்தி, காணாங்கத்தை போன்ற மீன்கள் எல்லாம் நல்ல சாப்பாடு. சாப்பாடாகவே சாப்பிடுங்கள். நோய் திரும்பாமல் காக்கும் மாத்திரையின் இடத்தில் இவற்றை வைக்காதீர்கள்.

2. டப்பாவில் வரும் சத்து மாத்திரை எதுவானாலும் அதை மருத்துவமனைக்குக் கையோடு எடுத்துச் சென்று மருத்துவரிடம் காட்டிவிட்டே தொடங்குங்கள். கீமோ நடக்கும்போதும் அறுவைச் சிகிச்சைக்கு முன்பும் இது இன்னும் கட்டாயம்.

3. தண்ணீர்விட்டான் கிழங்கு, அதிமதுரம், செறிவூட்டிய சோயாச் சத்து ஆகியவற்றில் ஈஸ்ட்ரோஜன் போல நடக்கக்கூடிய பொருள்கள் உண்டு. இவற்றை மாத்திரையாகவோ லேகியமாகவோ சாப்பிட வேண்டாம். சீந்தில் கொடி, அஸ்வகந்தா ஆகியவற்றால் கல்லீரல் பாதித்தவர்களைப் பற்றி மருத்துவ இதழ்களில் அறிக்கைகள் வந்துள்ளன. மருத்துவருக்குத் தெரியாமல் இவையும் வேண்டாம்.

4. பெயரும் தயாரிப்பாளர் முகவரியும் இல்லாத மூட்டுவலிப் பொடியை வாங்கவே வேண்டாம். இரண்டே நாளில் வலி பறந்தால் மகிழ்வதைவிடச் சந்தேகப்படுவதே நல்லது, ஸ்டீராய்டு கலந்திருக்கலாம். ஆர்ட்ரி கிங் என்று இயற்கைப் பொருளாக விற்ற மூட்டுவலி மாத்திரையில் ஸ்டீராய்டும் வலி மாத்திரையும் ஒளிந்திருந்ததை அமெரிக்க மருந்துத் துறை 2022இல் கண்டுபிடித்து எச்சரித்தது. ஸ்டீராய்டு எலும்பை அரிக்கும், சர்க்கரையை ஏற்றும். ஹார்மோன் மாத்திரையால் ஏற்கெனவே எலும்பு மெலிந்திருக்கும் பெண்ணுக்கு அது இரட்டைக் கேடு. நெடுநாள் சாப்பிட்டிருந்தால் சட்டென நிறுத்துவதும் ஆபத்து. பொடியோடு மருத்துவரிடம் போங்கள், எதையும் மறைக்க வேண்டாம்.

5. சித்த மருத்துவத்தை நாங்கள் எதிர்க்கவில்லை. அதை நாடுவோர் அரசு சித்த மருத்துவப் பிரிவுகளிலோ தாம்பரம் தேசிய சித்த மருத்துவ நிறுவனத்திலோ பதிவு பெற்ற மருத்துவரைப் பாருங்கள். இரு மருத்துவருக்கும் மற்றவர் தரும் மருந்து தெரிந்திருக்க வேண்டும்.

6. இரவில் தூங்கவிடாத புதிய எலும்புவலி, ஒரே இடத்தில் விடாமல் கூடும் முதுகுவலி, மூட்டு சிவந்து வீங்கிக் காய்ச்சல், கால் மரத்துப்போவது ஆகியவை தெரிந்தால் வீட்டு வைத்தியம் பார்க்காமல் உடனே மருத்துவமனைக்குப் போங்கள். அது மாத்திரையின் வலியாக இல்லாமலும் இருக்கலாம்.

யாரிடம் என்ன கேட்கிறோம்

மருத்துவமனைகளிடம்: ஹார்மோன் மாத்திரை எழுதும் அன்றே மூட்டுவலி வரலாம் என்று தமிழில் சொல்லுங்கள். ஒவ்வொரு வருகையிலும் வலி எப்படி இருக்கிறது, வேறு என்ன சாப்பிடுகிறீர்கள் என்று இரண்டு கேள்வி கேளுங்கள். பொடி சாப்பிட்டதாகச் சொல்கிறவரைத் திட்டாதீர்கள். திட்டு வாங்கியவர் அடுத்த முறை மறைப்பார். எலும்பு அடர்த்திப் பரிசோதனை தேவைப்படுவோர் அதற்காகப் பல மாதம் காத்திருக்கும்படி விடாதீர்கள்.

தமிழ்நாடு அரசிடம்: 2021இல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டுக்கே வந்து இயன்முறைச் சிகிச்சை தரும் ஏற்பாடு இருக்கிறது. ஹார்மோன் மாத்திரை சாப்பிடும் பெண்களை அதில் சேருங்கள். தண்டையார்பேட்டை, திருவொற்றியூர், எண்ணூர் பகுதி நகர்ப்புற ஆரம்ப சுகாதார நிலையங்களில் வாரம் இரு முறை, வேலைக்குப் போகிறவர்கள் வரக்கூடிய மாலை நேரத்தில், பயிற்சி வகுப்பு நடத்துங்கள். கூடை சுமப்பவருக்குப் பயிற்சி எதற்கு என்று கேட்பவர்களுக்குச் சொல்கிறோம்: வேலையில் மூட்டு தேய்வது வேறு, மூட்டைச் சுற்றிய தசைக்கு வலுவேற்றுவது வேறு.

மாநகராட்சியிடம்: நடைப்பயிற்சிதான் மருந்து என்றால் நடக்க இடம் வேண்டும். கண்டெய்னர் லாரிகள் வரிசைகட்டி நிற்கும் எண்ணூர் விரைவுச் சாலையில், புகைக்கும் தூசிக்கும் நடுவே ஒரு பெண் எங்கே நடப்பார்? ஒவ்வொரு வட்டத்திலும் விளக்கும் கழிப்பறையும் உள்ள, பெண்கள் பாதுகாப்பாக நடக்கக்கூடிய ஓர் இடத்தை உறுதிசெய்யுங்கள்.

உணவுப் பாதுகாப்பு, மருந்துக் கட்டுப்பாட்டுத் துறைகளிடம்: சத்து மாத்திரை மருந்தன்று என்பதை அதன் லேபிளிலேயே அச்சிட வேண்டும் என்பது விதி. புற்றுநோயைக் குணமாக்குவதாக விளம்பரம் செய்வதை 1954ஆம் ஆண்டுச் சட்டம் தடை செய்கிறது. மருத்துவமனை வாசல்களிலும் சந்தைகளிலும் விற்கும் மூட்டுவலிப் பொடிகளின் மாதிரிகளை எடுத்து ஸ்டீராய்டுக்கும் கன உலோகத்துக்கும் சோதித்து, முடிவைப் பொதுமக்களுக்கு வெளியிடுங்கள்.

குடும்பத்தாரிடம்: காலையில் விரல் மடங்கவில்லை என்று வீட்டில் இருப்பவர் சொன்னால் நம்புங்கள். தண்ணீர்க் குடம் தூக்குவதையும் துணி பிழிவதையும் நீங்கள் எடுத்துக்கொள்ளுங்கள். பொடிக்குச் செலவாகும் பணத்தை அவரோடு மருத்துவமனைக்குப் போய்வரும் ஆட்டோவுக்குச் செலவிடுங்கள்.

எங்கள் உறுதி

சத்து மாத்திரை, பொடி விற்கும் எவரிடமிருந்தும் நாங்கள் பணமோ பொருளோ பெற மாட்டோம். எங்கள் கூட்டங்களில் அவற்றை விற்கவும் இடமில்லை. வலியைச் சொல்லத் தயங்கும் பெண்ணோடு துணைக்கு ஒருவரை ஓ.பி.க்கு அனுப்புவோம். புதிய ஆய்வு வந்து இங்கே சொன்ன எதையும் மாற்றினால், இந்த அறிக்கையை வெளிப்படையாகத் திருத்துவோம். 5 ஆண்டு மாத்திரையை முழுதாகச் சாப்பிட்டு முடிக்கும் வலிமையை ஒரு பெண் தனியாகத் தேடிக்கொள்ள வேண்டிய நிலை இந்தப் பகுதியில் இருக்கக்கூடாது. அதற்குத் தேவையான கவனிப்பை மருத்துவமனைகளிடமும் அரசிடமும் தொடர்ந்து கேட்போம்.