அமர்ந்து கணக்குப் பாருங்கள்



திரளான ஜனங்கள் தம்மைப் பின்தொடர்ந்து வந்தபோது இயேசு திரும்பி நின்று பேசியதை லூக்கா 14ஆம் அதிகாரத்தில் வாசிக்கிறோம். கூட்டம் பெருகினால் அதை எவ்விதம் தக்கவைத்துக்கொள்வது என்றே நாம் யோசிப்போம். அவரோ, உறவுகளுக்கும் உயிருக்கும் மேலாகத் தம்மை வைக்காதவன் தமக்குச் சீஷனாக இயலாது என்று வெளிப்படையாகக் கூறினார். கோபுரம் கட்ட விரும்புகிறவன் முதலில் அமர்ந்து செலவைக் கணக்கிடுவான். அஸ்திபாரத்தோடு நின்றுபோன கட்டடம் ஊராரின் பரிகாசத்துக்கு ஆளாகும் என்றும் எச்சரித்தார்.

இந்தச் செலவுக் கணக்கு நம் பிரசங்க பீடங்களிலிருந்து மறைந்துவருகிறது என்பதே என் துக்கம். ஆசீர்வாதத்தை உரத்துச் சொல்கிறோம். சிலுவையைத் தொட்டும் தொடாமலும் கடந்துபோகிறோம். போதகனாகிய நானும் இதற்கு விலக்கல்ல. ஞானஸ்நானத்துக்கு ஆயத்தமாகிறவர்களிடம், இதனால் நீங்கள் எதை இழக்க நேரிடும் என்று கேட்கத் தயங்கியிருக்கிறேன். கேட்டால் விலகிவிடுவார்களோ என்று அஞ்சினேன். ஆண்டவருக்கு அந்த அச்சம் இருக்கவில்லை.

ஜெர்மானியப் போதகர் டீட்ரிச் போன்ஹோஃபர் 1937இல் சீஷத்துவத்தைக் குறித்து ஒரு நூல் வெளியிட்டார். கீழ்ப்படிதலைக் கோராத கிருபையை மலிவான கிருபை என்று அதில் கண்டித்தார். எழுதியதை வாழ்ந்து காட்டவேண்டிய வேளையும் விரைவில் வந்தது. 1939 ஜூன் மாதம் நண்பர்களின் ஏற்பாட்டால் அவர் நியூயார்க் சென்றார். வரவிருந்த போருக்குத் தப்பி அங்கேயே பாதுகாப்பாகப் பணிசெய்திருக்கலாம். ஆனால், தன் ஜனத்தின் சோதனையில் பங்குபெறாதவனுக்குப் போருக்குப்பின் அவர்களுடைய கிறிஸ்தவ வாழ்வைத் திரும்பக் கட்டியெழுப்பும் உரிமை இராது என்று உணர்ந்து, ஜூலையிலேயே கப்பலேறினார். ஹிட்லரை எதிர்த்தோருடன் இணைந்து செயல்பட்டார். 1943இல் சிறைப்பட்டு, 1945 ஏப்ரல் 9 அன்று ஃப்ளோசன்பூர்க் முகாமில் தூக்கிலிடப்பட்டார். அப்போது அவருக்கு வயது 39.

நம்மில் பெரும்பாலோர்க்குத் தூக்குமேடை நேரிடப்போவதில்லை. ஆயினும் நமக்கும் ஒரு கணக்கு உண்டு. பிள்ளைகளுக்கு வரன் தேடுகையில் விசுவாசத்தை விசாரிக்குமுன் சாதியை விசாரிக்கிறோமா? வரதட்சணையை, அவர்களாக மனமுவந்து தந்தது என்று பெயர்மாற்றி வாங்கிக்கொள்கிறோமா? பத்திரப்பதிவில் நிலத்தின் விலையைக் குறைத்து எழுதி, மிச்சமான பணத்தில் ஸ்தோத்திரக் காணிக்கை செலுத்துகிறோமா? அப்படியானால், அந்த ஓர் அறையின் சாவியை மட்டும் ஆண்டவருக்குக் கொடாமல் நம் மடியிலேயே வைத்திருக்கிறோம்.

ஒன்றைத் தெளிவாக அறிந்துகொள்ளுங்கள். இரட்சிப்பு நாம் விலைகொடுத்து வாங்குவதன்று. அதன் விலையைக் கிறிஸ்து கல்வாரியில் செலுத்தி முடித்தார். நம்முடைய இழப்புகளால் அவருக்குக் கடன் தீர்ப்பதும் இல்லை. ஆனால் தம்மையே முழுவதும் கொடுத்தவரிடம், மீந்ததை மட்டும் நீட்டிக்கொண்டு நிற்க அன்புள்ள இருதயம் எப்படித் துணியும்?

இவ்வாரம் ஒரு நாள் தனித்து அமருங்கள். இன்னும் ஒப்புக்கொடாத ஒன்றை ஒரு தாளில் எழுதுங்கள். அதை விட்டால் என்ன செலவாகும், யார் வருந்துவார்கள், யார் நகைப்பார்கள் என்று கணக்கிடுங்கள். பின்பு அந்தத் தாளோடு முழங்காற்படியிடுங்கள். நானும் என் தாளோடு அவ்விதமே செய்வேன்.

கர்த்தாவே, கணக்கைப் பார்த்தபின்பும் உம்மைப் பின்பற்றும் பெலனை எங்களுக்குத் தாரும். ஆமென்.