பேசிய விலை ஒன்று, கேட்கும் விலை வேறொன்று

கன்று நடும் காலத்திலே விலை பேசி, புகையிலைக்கு முற்பணமும் வாங்கிய கமக்காரர் ஒருவர், தண்ணீர் இறைக்கும் இயந்திரத்துக்கு மண்ணெண்ணெய் விலை ஏறிவிட்டதென்று அறுவடை நாளிலே கூடுதற் பணங் கேட்டால் ஊரார் என்ன சொல்வர்? படலைக்கு வெளியே நிறுத்திப் பேசுவர். ஆனால் இதே காரியத்தைப் பிரித்தானியாவிலே உல்லாசப் பிரயாணக் கம்பனிகள் செய்தால், அதற்குச் சட்டமே இடங்கொடுக்கின்றது!

விமானமும் விடுதியும் ஒரே விலையில் அடங்கிய ‘பக்கேஜ்’ பிரயாணத்தைத் தொழிலாளி ஒருவன் பல மாதங்களுக்கு முன்னரே பேசி முற்பணங் கட்டுகிறான். லீவும் எடுத்துவிடுகிறான். பிள்ளைகளும் நாள் எண்ணத் தொடங்கிவிடுகின்றனர். அப்பொழுது வருகிறது கடிதம்: எரிபொருள் விலை உயர்ந்துவிட்டது, மேலதிகமாக இவ்வளவு தருக!

1992ஆம் ஆண்டு விதிகள் இவ்வழக்கத்துக்கு ஓரளவாவது வேலியிட்டிருந்தன. எரிபொருள் முதலிய போக்குவரத்துச் செலவு, வரி, நாணயமாற்று என்பவற்றின் பொருட்டு மாத்திரமே விலையைக் கூட்டலாம். அதிலும் முதல் 2 வீதத்தைக் கம்பனியே சுமக்கவேண்டும். புறப்படுவதற்கு முந்திய 30 நாட்களில் ஒரு பென்சும் கூட்டலாகாது. 2015ஆம் ஆண்டின் ஐரோப்பியக் கட்டளையைத் தழுவி 2018 ஜூலை முதலாந் திகதி நடைமுறைக்கு வந்த புதிய விதிகள் செய்ததென்ன? 2 வீதக் காப்பை நீக்கின. 30 நாளை 20 ஆக்கின. கூட்டிய தொகை 8 வீதத்தைத் தாண்டினால் மட்டுமே பிரயாணி நட்டமின்றி விலகலாம் என்றன. இதற்குப் பெயர் பாவனையாளர் பாதுகாப்பாம்!

கணக்கைப் பாருங்கள். 3,000 பவுணுக்குப் பேசிய குடும்பத்திடம் மேலும் 240 பவுண் கேட்கலாம். குடும்பத் தலைவன் மறுத்து விலகினால் முற்பணம் போகும். நாள் நெருங்க நெருங்க அதற்கு மேலும் போகும். விரும்பினாற் கொடு, இல்லையேல் இழந்துபோ என்பது ஒப்பந்தமாகுமா?

விலை இறங்கினால் குறைத்துக் கொடுக்கவும் சட்டமுண்டு என்று கம்பனிகளின் வக்கீல்கள் வாதிப்பர். உண்டுதான். ஆனால் நிர்வாகச் செலவென்று ஒரு பங்கைக் கம்பனி கழித்துக்கொள்ளலாம் என்றும் அதே சட்டம் சொல்கிறது. கூட்டுவதற்கு வரும் கடிதத்திலே காரணமும் கணக்கும் காட்டவேண்டுமென்பதும் விதியே. அந்தக் கணக்கைச் சரிபார்க்கும் வழி பிரயாணிக்கு எங்கே? பெரிய விமானக் கம்பனிகள் தமக்கு வேண்டிய எரிபொருளிற் பெரும் பங்குக்கு மாதக்கணக்கில் முன்பே விலை கட்டிவைப்பது வழக்கம். 2008 ஜூலையில் எண்ணெய் பீப்பா ஒன்று 147 டொலரைத் தொட்டது. அவ்வருட முடிவில் 40 டொலருக்குங் கீழே வீழ்ந்தது. இப்படி ஏறி இறங்கும் சந்தையில், தன் விமானத்துக்கான எண்ணெய் எந்த நாளில், எந்த விலைக்கு வாங்கப்பட்டதென்பதை ஆசனத்தில் அமர்ந்திருப்பவன் எவ்வாறு அறிவான்?

எரிபொருளின் அருமை நமக்குத் தெரியாததன்று; 2022இல் இரவு பகலாய் வரிசையில் நின்றவர்கள் நாம். உயர்ந்த விலையைத் தாங்கமாட்டாது கம்பனிகள் முறியும், பிரயாணிகள் அந்நிய நாட்டிலே அந்தரிப்பர் என்ற அச்சமும் வெறுங் கதையன்று. 2008 செப்ரெம்பரில் எக்ஸ்எல் கம்பனி வீழ்ந்தபோது நேர்ந்தது அதுவே. ஆயின் ஆபத்தை முன்கூட்டிக் கணிக்கவும், எண்ணெய்க்கு முன்விலை கட்டவும் வல்லவர் யார்? கம்பனியா, கூலிக்காரனா? அக்காப்புக்கான செலவை முதலிலேயே விலையிற் சேர்த்துக் கேட்கட்டும். கொடுப்பவன் அறிந்து கொடுப்பான். மலிந்த விலையை விளம்பரத்திற் காட்டி ஆளைப் பிடித்தபின் மிச்சத்தை அறவிடுவதையே நாம் கண்டிக்கிறோம்.

நீக்கிய 2 வீதக் காப்பு மீள வேண்டும். விலை இறங்கினால் கழிவின்றித் திருப்பிக் கொடுக்கவேண்டும். பேசிய விலைக்கு மேல் ஒரு பவுண் கேட்டாலும், கட்டிய பணம் முழுவதையும் பெற்று விலகும் உரிமை பிரயாணிக்கு இருக்கவேண்டும்.