பூட்டு இல்லாத பெட்டி

சின்ன வயசில் 'க' பாஷை பேசியிருக்கிறீர்களா? ஒவ்வொரு எழுத்துக்கும் முன்னால் ஒரு 'க' போட்டு, 'நான்' என்பதைக் 'கநாகன்' என்போம். வீட்டில் யாருக்கும் புரியாது என்று ஒரே பெருமை. ஒருநாள் அம்மா அதே பாஷையில் பதில் சொன்னதும் எல்லாம் போச்சு.

போன வாரம் அது மறுபடி நினைவுக்கு வந்தது. எங்கள் மினி புராஜெக்டில் லாகின் பக்கம் எழுதிய நண்பன், "பாஸ்வேர்டை எல்லாம் என்கிரிப்ட் பண்ணித்தான்டா வச்சிருக்கேன்" என்றான். டேட்டாபேஸைத் திறந்து என் பெயருக்கு எதிரே இருந்ததை எடுத்து, இணையத்தில் கிடைத்த ஒரு டீகோடரில் ஒட்டினேன். அடுத்த நொடி என் பாஸ்வேர்ட் அப்படியே வந்து நின்றது. அவன் செய்திருந்தது வெறும் பேஸ்64!

பேஸ்64 எதையும் ஒளிக்க வந்ததில்லை. ஆரம்பகால மின்னஞ்சல் ஆங்கில எழுத்துகளை மட்டும் சுமக்கத் தெரிந்த வண்டி. படம், பாட்டு எல்லாம் அதில் ஏற்றினால் வழியிலேயே சிதைந்துவிடும். அதற்காக 1992-ல் மைம் என்ற தரத்தில் இது இடம்பெற்றது. ஆங்கிலப் பெரிய எழுத்து 26, சின்ன எழுத்து 26, எண்கள் 10, குறிகள் 2. இந்த 64-ஐ மட்டும் வைத்து எதையும் எழுதிவிடலாம். மூன்று பைட் நான்கு எழுத்தாகும். பத்திரமாகப் போய்ச்சேர வேண்டும், அவ்வளவுதான் நோக்கம்.

அன்று ராத்திரி தூக்கம் வராமல் 'தமிழ்' என்று போட்டுப் பார்த்தேன். நம் கண்ணுக்கு மூன்று எழுத்து. யூனிகோடுக்கு ஐந்து குறி (த, ம, இகரக் குறி, ழ, புள்ளி). யூடிஎஃப்-8 முறையில் 15 பைட். பேஸ்64-ல் 20 எழுத்து. அதை நாலு நாலாகப் பிரித்தால் ஒவ்வொரு கொத்தும் 4 என்ற எண்ணில்தான் ஆரம்பிக்கிறது! நடுவில் இடைவெளி இல்லாத எந்தத் தமிழ்ச் சொல்லைப் போட்டாலும் இதே கதைதான். டீகோடரே வேண்டாம், பார்த்தவுடன் "இது தமிழாக இருக்கலாம்" என்று ஊகித்துவிடலாம். இதுவா ரகசியம்?

என் கட்சி இதுதான்: குறியாக்கம் வேறு, மறையாக்கம் வேறு. இரண்டையும் ஒன்றாகப் பேசும் பழக்கத்தை வகுப்பிலிருந்தே விட வேண்டும். "திருப்பிப் படிக்க சாவி வேண்டுமா?" என்று ஒரு கேள்வி கேட்டால் போதும். வேண்டாம் என்றால் அது 'க' பாஷை. பார்க்கப் புரியாமல் இருப்பதால் பத்திரம் என்று ஆகிவிடாது. பாஸ்வேர்டுக்கு சாவியும்கூட உதவாது. சாவி திருடு போனால் எல்லாமே போச்சு. திருப்பவே முடியாத ஹாஷ் வேண்டும், அதுவும் ஆளுக்கொரு சால்ட் சேர்த்து. பிகிரிப்ட் மாதிரி ஆயத்தமாகவே இருக்கிறது. நாலு வரி நிரல்தான்.

நண்பனை மட்டும் குறை சொல்லி முடிக்க மாட்டேன். முன்பின் தெரியாத தளத்தில் என் பாஸ்வேர்டை நானே கொண்டுபோய் ஒட்டினேனே, அது எந்த ஊர் புத்திசாலித்தனம்? ஒட்டியது அங்கே யார் கணினியில் பதிவானதோ! விளையாட 'வணக்கம்' போடுங்கள், 'தமிழ்' போடுங்கள். நிஜமானதை உங்கள் கணினியிலேயே பிரித்துப் பாருங்கள்.

பாஸ்வேர்டை அன்றே மாற்றிவிட்டேன். நண்பன் நிரலை மாற்றிக்கொண்டிருக்கிறான் :-)