பிரப் என்று சொல்லத் தெரிந்த ஊர்

ஈரோட்டில் பிரப் ரோடு தெரியாதவர் கிடையாது. பலகையில் அது மீனாட்சி சுந்தரனார் சாலை. ஆட்டோவில் ஏறுகிற பாட்டிக்கும் ஜவுளி எடுக்க வருகிற வெளியூர் வியாபாரிக்கும் இன்றைக்கும் பிரப் ரோடுதான். ஆஸ்திரேலியாவிலிருந்து லண்டன் மிஷன் பாதிரியாராக வந்து இந்த ஊரில் நெடுங்காலம் வாழ்ந்த ஏ.டபிள்யூ. பிரப்பின் பெயர் அது. ஆங்கிலத்தில் அந்தப் பெயர் ஜி, எச் என்ற எழுத்துகளில் முடியும். எழுத்தைப் பார்த்துப் படிக்கிறவர் ‘புரோ’ என்பார், அல்லது ‘பிரௌ’ என்பார். சொல்ல வேண்டிய விதமோ ‘பிரஃப்’. ஆங்கில எழுத்தே அறியாத அந்தக் காலத்து ஈரோட்டுக்காரர்கள் அதைச் சரியாகப் பிடித்துக்கொண்டார்கள். பெயருக்கு உரியவர் வாயிலிருந்தே கேட்டதால் வந்த பலன் அது. கடைசியில் இருந்த காற்றொலியை மட்டும் நம் நாக்குக்கு ஏற்ப ‘ப்’ ஆக்கிக்கொண்டார்கள். அதில் குறை ஒன்றுமில்லை.

அப்படிக் கேட்கத் தெரிந்த ஊர் இன்று பக்கத்துத் தறியில் நிற்பவரின் பெயரைக் கேட்காமல் இருக்கிறது.

பெருந்துறை சிப்காட்டிலும், சாயப்பட்டறைகளிலும், நூற்பாலைகளிலும், தோல் பதனிடும் இடங்களிலும், ஓட்டல் சமையற்கட்டிலும் இப்போது பீகார், ஒடிசா, ஜார்க்கண்ட், மேற்கு வங்கம், அசாம் ஆட்கள். இவர்களை நாம் அழைக்கிற பெயர்கள் மூன்று நான்கில் அடங்கிவிடும்: ‘பாய்’, ‘பையா’, ‘ஹிந்திக்காரன்’, இன்னும் மோசமாக ‘வடக்கன்’. வருஷக்கணக்கில் ஒரே ஷிப்டில் வேலை பார்த்தவரின் முழுப்பெயரைக் கேட்டால் மேஸ்திரிக்கே தெரிவதில்லை.

அவர்கள் நம்மிடம் கற்றுக்கொண்டது என்ன என்று ஒரு டீக்கடையில் நின்று கேளுங்கள். பீகார் பையன் ‘சொல்லுங்ணா’, ‘வர்றேனுங்ணா’ என்கிறான். அவனுக்குத் தெரிந்த தமிழ் கொங்குத் தமிழ்தான். ‘ங்’ போட்டுத்தான் அவன் நாக்குத் தமிழ் பழகியிருக்கிறது. ஆர். சண்முகசுந்தரம் ‘நாகம்மாள்’ நாவலில் பதிய வைத்த பேச்சு இது. பெருமாள்முருகன் இதற்குத் தனி அகராதியே தொகுத்தார். பெற்ற பிள்ளையைக்கூட ‘வாங்க கண்ணு’ என்று அழைக்கிற வழக்கம் நம்முடையது. அந்த மரியாதையை அவன் முழுசாக வாங்கிக்கொண்டான். திருப்பி அவனுக்குக் கிடைப்பது ‘டேய் பையா, இங்க வாடா’. எனக்கு இது மனம் பொறுக்காத காரியம். உச்சரிப்புச் சிக்கல் என்று நாம் சொல்வதில் பாதி, கேட்க மனமில்லாத சிக்கல்.

மீதிப் பாதி உண்மையான சிக்கல்தான். அதையும் பார்க்க வேண்டும். பிபின் என்று ஒரு பெயர். பீகாரிலும் ஒடிசாவிலும் சாதாரணமாகப் புழங்குவது. தமிழில் எழுதினால் இரண்டும் ஒரே ‘ப’கரம். நம் ஒலிமுறையில் சொல்லின் முதலில் வரும் வல்லினம் வன்மையாகவும், இரண்டு உயிருக்கு நடுவில் வருவது மென்மையாகவும் ஒலிக்கும். ‘பழம்’ என்பதிலும் ‘கோபம்’ என்பதிலும் உள்ள பகரங்களை வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள். அந்த முறைப்படி பிபினைப் படித்தால் முதல் எழுத்து வன்மை, இரண்டாவது மென்மை. அவர் வீட்டில் அழைப்பதோ நேர்மாறு: முதல் எழுத்து ‘பஸ்’ஸில் வருகிற பகரம், இரண்டாவது ‘அப்பா’வில் வருகிற பகரம். மருத்துவமனை வராந்தாவில் டோக்கன் தாளைப் பார்த்து நர்ஸ் அழைக்கும்போது, பிபின் தன் பெயரைத் தலைகீழ் ஒலியில் கேட்கிறார். தன்னைத்தான் கூப்பிடுகிறார்கள் என்று தெரியாமல் உட்கார்ந்தே இருக்கிறார். மூன்றாம் முறை நர்ஸின் குரல் உயர்கிறது. ‘இவங்களுக்குக் காதே கேக்காது’ என்று பக்கத்தில் ஒருவர் சொல்கிறார்.

குற்றம் நர்ஸுடையது அல்ல. தாளில் உள்ளதைத்தான் அவர் படித்தார். ஆனால் ‘நமக்கு அந்த ஒலி வராது’ என்ற சமாதானம் நிற்காது. ‘பஸ்’, ‘பேங்க்’, ‘காந்தி’, ‘தோசை’ எல்லாவற்றிலும் சொல்லின் முதலிலேயே மெல்லொலியை நாள்தோறும் சொல்கிற வாய் நம்முடையது. எழுத்து காட்டாததை நாக்கு ஏற்கெனவே பழகியிருக்கிறது.

கிரிக்கெட்டைப் பாருங்கள். சென்னை அணிக்கு ஆடிய தென்னாப்பிரிக்கர் டு பிளெஸ்ஸியின் பெயரில் கடைசி ‘எஸ்’ ஒலிக்காது என்பதை டி.வி. வர்ணனை கேட்டே பிடித்துக்கொண்ட பையன்கள் இந்தப் பக்கத்து ஊர்களில் எத்தனையோ பேர். பிரெஞ்சு வழிப் பெயர் அது. யாரும் வகுப்பெடுக்கவில்லை, பிடித்த ஆளின் பெயரைச் சரியாகச் சொல்ல ஆசைப்பட்டார்கள், வந்துவிட்டது. பாதிரியாருக்கும் ஆட்டக்காரருக்கும் வளைந்த நாக்கு, ரூம் எடுத்துப் பத்துப் பேராகத் தங்கியிருக்கும் தொழிலாளிக்கு மட்டும் ஏன் வளையவில்லை என்பதற்கு மொழியியலில் விடை கிடையாது. யாரை மதிக்கிறோமோ அவர் பெயர் நம் வாயில் நிற்கிறது.

காது பழகுவதற்கும் வெகுகாலம் ஆவதில்லை. அமெரிக்காவில் கிளார்க், கேரட் என்ற இரு ஆய்வாளர்கள் 2004-இல் வெளியிட்ட ஆய்வு ஒன்று உண்டு. ஸ்பானிஷ், சீனச் சாயலில் பேசப்பட்ட ஆங்கிலத்தை உள்ளூர்க்காரர்களுக்குக் கேட்கக் கொடுத்தார்கள். முதலில் புரிந்துகொள்ளத் தாமதமானது. ஒரு நிமிடம் கேட்பதற்குள் அந்தத் தாமதம் பெரிதும் குறைந்துவிட்டது. நாம் அந்த ஒரு நிமிடத்தைக் கொடுப்பதில்லை. முதல் வாக்கியத்திலேயே ‘புரியல போ’ என்று முகத்தைத் திருப்பிக்கொள்கிறோம்.

இங்கே ஓர் எதிர்ப்பு வரும் என்று அறிவேன். பெரியார் பிறந்த ஊரில் ஹிந்தியைக் கற்கச் சொல்கிறாயா என்பார்கள். இல்லை. முதலில், இவர்களை ஹிந்திக்காரர்கள் என்பதே பிழை. ஒடிசாக்காரரின் மொழி ஒடியா, மிதிலைப் பக்கத்தவருக்கு மைதிலி, ஜார்க்கண்ட் பழங்குடியினர் பலருக்கு சந்தாலி. அவர்களுக்கும் ஹிந்தி ஊர் விட்டு வந்த இடத்தில் உதவுகிற மொழி. அவரவர் தாய்மொழிச் சாயலோடுதான் அதைப் பேசுகிறார்கள். சினிமா பார்த்து ஹிந்தி பழகிய நம் சூப்பர்வைசருக்கு அது விளங்காமல் போவதில் ஆச்சரியமில்லை. தன் பெயர் தன் மொழியின் ஒலியில் வழங்க வேண்டும் என்று ஒடிசா கேட்டு, 2011-இல் அதற்காக அரசியல் சட்டமே திருத்தப்பட்டது. நாமும் 2020-இல் 1,018 ஊர்ப் பெயர்களின் ஆங்கில எழுத்தைத் தமிழ் ஒலிக்கு மாற்ற ஆணை போட்டோம். கோயம்புத்தூருக்கு எழுதிய நீளமான எழுத்துக்கூட்டைப் பார்த்துப் பலர் முகம் சுளிக்க, சில நாளில் ஆணை திரும்பப் பெறப்பட்டது. முறை தவறியிருக்கலாம், ஆசை நியாயமானது. தன் ஊர்ப் பெயருக்கு அந்த நியாயத்தைக் கேட்கிறவர்கள் இன்னொருவர் பெயருக்கு மறுக்க முடியாது. வடசொல்லைத் தமிழ் எழுத்துக்கு இசையச் செய்ய வேண்டும் என்ற தொல்காப்பிய நெறியை அந்த மறுப்புக்குத் துணைக்கு அழைப்பதும் பொருந்தாது. வீரமாமுனிவர் சூசையப்பரை ‘வளன்’ ஆக்கியது காப்பியத்துக்கு. டோக்கன் கூப்பிடுவது வேறு.

மேலும், இது ஒரு மொழி ஊராக என்றைக்கும் இருந்ததில்லை. தாளவாடி மலையில் கன்னடம், தறிக்கூடங்களில் தெலுங்கும் கன்னடமும், கடைவீதியில் உருதுவும் மார்வாரியும். பெரியார் வீட்டில் பேசியதே கன்னடம்.

பெயர் ஏடுகளில் ஏறும்போது விஷயம் காசாகிவிடும். பீகாரில் கல்யாணமாகாத பெண்ணுக்குப் பெயரோடு ‘குமாரி’, ஆனபின் ‘தேவி’ சேர்வது பரவலான வழக்கம். நம் இனிஷியல் முறையில் பழகிய குமாஸ்தா ‘தேவி’யைப் பெயராக எடுத்துக்கொள்கிறார், அல்லது அப்பா பெயராக. வேலைக்குச் சேர்ந்தபோது குமாரியாக இருந்தவர் பி.எஃப். எடுக்கப் போகும்போது ஆதாரில் தேவியாக நிற்கிறார். பெயர் பொருந்தவில்லை என்று விண்ணப்பம் திரும்பும். சில கணக்குகளுக்கு முதலாளி கையெழுத்துப் போட்ட திருத்தப் படிவமும் வேண்டும். ஆள் அதற்குள் தர்பங்காவுக்கு ரயில் ஏறியிருப்பார். அவருடைய உழைப்புப் பணம், ஒரு சொல்லால் நின்றுபோகிறது.

உச்சரிப்பு உயிரையே எடுத்த காலமும் உண்டு. இலங்கையில் 1983 ஜூலையில் காடையர்கள் வழிமறித்து, வாளியைக் குறிக்கும் சிங்களச் சொல்லைச் சொல்லச் சொன்னார்கள். முதல் ஒலி பிசகினால் தமிழர். ஒலியை வைத்து ஆளைப் பிரிக்கும் புத்தி எங்கே போய் முடியும் என்பதை நம்மவர்கள் அனுபவித்துத் தெரிந்துகொண்டார்கள். இங்கே நிலைமை அதற்குப் பக்கத்தில்கூட இல்லை. இருந்தாலும் 2023 மார்ச்சில், தமிழ்நாட்டில் பீகாரிகளை அடித்துக் கொல்கிறார்கள் என்று பொய்க் காணொளிகள் பரவியபோது, கோவை, திருப்பூர் பக்கத் தொழிலாளர்கள் பலர் நடுங்கி ஊருக்குக் கிளம்பினார்கள். பீகார் அதிகாரிகள் குழு நேரில் வந்து பார்க்க வேண்டியிருந்தது. பெயர் சொல்லிப் பேசுகிற ஒரு தமிழ் நண்பன் பக்கத்தில் இருந்திருந்தால், அவனிடமே கேட்டிருப்பார்கள்.

இந்த நெருக்கத்தை உண்டாக்குவதில் கேரளம் நமக்கு முந்திக்கொண்டது. அங்கே எழுத்தறிவு இயக்கம் ‘சங்ஙாதி’ என்ற திட்டத்தில் வெளிமாநிலத் தொழிலாளர்களுக்கு மலையாளம் சொல்லிக்கொடுக்கிறது. தனிப் பாடநூலும் உண்டு. கொங்கு நாட்டில் மில் சங்கங்களுக்கு இது பெரிய செலவே அல்ல.

ஆனால் எனக்கு அதிக அக்கறை பிள்ளைகள் மேல். குடும்பத்தோடு வந்தவர்களின் குழந்தைகள் நம் அரசுப் பள்ளிகளில் சேர்கிறார்கள். ஓரிரு வருஷத்தில் ‘ஏனுங் டீச்சர்’ என்று கொங்குத் தமிழில் பேசி, ஆஸ்பத்திரியில் அம்மாவுக்கும் டாக்டருக்கும் நடுவே நின்று பேச்சை மாற்றிச் சொல்கிறார்கள். அந்தக் குழந்தையைச் சேர்க்கும் நாளில், ஆதாரைப் பார்த்து எழுதுவதோடு நிற்காமல், ‘உன் பேரு சொல்லு சாமி’ என்று ஒருமுறை கேட்டு, டீச்சர் அதைத் திருப்பிச் சொல்லி, ‘சரியாங் கண்ணு?’ என்று கேட்டுவிட்டுத் தமிழில் எழுதலாம். பள்ளிக் கல்வித் துறையின் எமிஸ் தளத்தில் ஏறிவிட்டால் பத்தாம் வகுப்புச் சான்றிதழ் வரை அந்த எழுத்துதான் போகும். பிறகு அதைத் திருத்த அலுவலகம் அலுவலகமாக ஏறி இறங்க வேண்டியது, சாயப்பட்டறையில் ஒரு நாள் கூலியை இழந்து வரும் அப்பன்தான்.