வாசல் நம்முடையது, கால்வாய் நம்முடையதல்ல

எங்கள் திருப்புட்குழியில் புது வீடு கட்டினால், கார் ஏறுவதற்காக வாசலை ஒட்டி ஓடும் மழைநீர்க் கால்வாயில் ரப்பீஸ் கொட்டி மூடிவிடுகிறார்கள். சிலர் மனசாட்சிக்காக அடியில் ஆறு அங்குல பி.வி.சி. பைப் ஒன்றைப் புதைப்பார்கள். நானும் அப்படித்தான் செய்தேன்.

2015 நவம்பர் மழையில் சருகும் பிளாஸ்டிக் பையும் அந்தப் பைப்பை அடைத்துக்கொண்டன. தண்ணீர் மேலேறி என் வாசல் மண்ணை அரித்துக்கொண்டு போனது. அது போகட்டும். எதிர்த்துத் திரும்பிய தண்ணீர் பக்கத்து வீட்டுத் தறிக்குழியில் இறங்கி, தறியில் இருந்த பட்டுப் பாவு வீணாயிற்று. அவர் என்னை ஒரு வார்த்தை சொல்லவில்லை. திட்டியிருந்தால் தேவலை.

பிறகுதான் ஒன்றரை அடி ஹியூம் பைப் போட்டேன். 1910இல் ஆஸ்திரேலியாவில் வால்டர் ஹியூம் என்பவர் அச்சைச் சுழற்றி வார்த்த கான்கிரீட் குழாய் அது. கொத்தனார் வாயில் அவர் பெயரே குழாய்க்குப் பெயராகிவிட்டது. விட்டம் மூன்று மடங்கானால் வாய் ஒன்பது மடங்காகிறது. குழாயின் அடி கால்வாயின் தரைமட்டத்தோடு, ஓட்டம் பார்த்துச் சரிவாக இருக்க வேண்டும். இரு முனையிலும் சிறு சுவர் எழுப்பினால் மண் அரிக்காது. ஐப்பசி பிறக்குமுன் தூர் வாருவது வீட்டுக்காரர் வேலை.

என் கட்சி இதுதான்: குழாயின் அளவை நம் வீட்டுக் கூரைத் தண்ணீரை வைத்து முடிவு செய்யக் கூடாது. நமக்கு மேலே உள்ள தெரு முழுவதின் தண்ணீரும் அதற்குள்தான் போயாக வேண்டும். வீடு கட்டும் பிள்ளைகளிடம் இதை நாம்தான் சொல்ல வேண்டும்.