கண்டென்சர் போனால் யாரைக் கூப்பிடுவது?

உங்கள் மிக்சியைக் கவிழ்த்துப் பாருங்கள். பெரும்பாலும் அடியில் ஒரு சின்னச் சிவப்புப் பொத்தான் இருக்கும். ஜாரில் அளவுக்கு மேல் போட்டு அரைத்தால், மோட்டார் எரிந்துவிடாதபடி அது தானாக வெளியே வந்து மின்சாரத்தைத் துண்டிக்கும். ஜாரில் இருப்பதைக் குறைத்து, சற்று ஆறவிட்டு, ஒரு விரலால் அழுத்தினால் மிக்சி மறுபடி ஓடும். இந்த ஒரு விரல் வேலைக்காக மிக்சியைக் கட்டைப்பையில் வைத்துக்கொண்டு, கங்கைகொண்ட சோழபுரத்திலிருந்து ஜெயங்கொண்டத்துக்குப் பஸ் ஏறிய பெண்கள் எனக்குத் தெரியும். "காயில் லேசா அடி வாங்கியிருக்கும்மா, சரி பண்ணிட்டேன்" என்று சொல்லி வாங்கப்பட்ட காசும் தெரியும். அந்தக் கடைக்காரர் மேல் எனக்குக் கோபம் கொஞ்சம்தான். தினமும் இரண்டு வேளை கையாளும் கருவியின் அடிப்பக்கத்தைப் பார்க்கக்கூடாது என்று நம்மைப் பழக்கியவர்கள் மேல்தான் அதிகம்.

2006-இல் வந்த தி.மு.க. அரசு இலவச வண்ணத் தொலைக்காட்சி கொடுத்தது. 2011-இல் வந்த அ.தி.மு.க. அரசு மிக்சி, கிரைண்டர், மின்விசிறி கொடுத்தது. பெண்களின் பாரத்தைக் குறைக்கும் என்று சொல்லித்தான் கொடுத்தார்கள், குறைத்ததும் உண்மை. ஆட்டுக்கல்லில் மாவாட்டிய தோளுக்குத்தான் கிரைண்டரின் அருமை தெரியும். அதை இலவசம் என்று இளக்காரம் பேசுகிறவர்களோடு நான் சேரமாட்டேன். என் கேள்வி வேறு. பொருளைப் பெண்ணின் கையில் கொடுத்தவர்கள், அதைத் திறக்கும் அறிவை ஏன் சேர்த்துக் கொடுக்கவில்லை? இன்று எத்தனை வீட்டுப் பரணில் அந்தக் கிரைண்டர்கள் தூசி படிந்து கிடக்கின்றன? அவற்றில் பலவற்றுக்கு வந்திருப்பது சின்ன நோய்தான். சுவிட்சைப் போட்டால் 'உம்' என்ற சத்தம் மட்டும் வந்து கல் சுற்றாவிட்டால், முதலில் சந்தேகப்பட வேண்டியது கண்டென்சரையும் பெல்ட்டையும். ஃபேன் மெதுவாகச் சுற்றினால், பெரும்பாலும் அதற்குள் இருக்கும் 2.5 மைக்ரோஃபாரட் கண்டென்சர் வலுவிழந்திருக்கும். மிக்சிக்குள் தீப்பொறி தெறித்தால் கார்பன் பிரஷ் தேய்ந்திருக்கலாம். மோட்டார் ஓடியும் ஜாருக்குள் பிளேடு சுற்றாவிட்டால் கப்ளரைப் பாருங்கள். வயர் அறுந்திருக்கிறதா என்று அறிய, பிளக்கைப் பிடுங்கிவிட்டு மல்டிமீட்டரின் இரண்டு முனைகளையும் வயரின் இரு நுனிகளில் வைத்தால் போதும். இணைப்பு இருந்தால் 'பீப்' என்று சொல்லிவிடும். எல்லாம் ஒரு வாரத்தில் கற்றுக்கொள்ளக் கூடியவை.

அம்மியும் ஆட்டுக்கல்லும் வழுவழுப்பானபோது அவற்றைக் கொத்திக் கொடுக்கத் தெருவில் கூவிக்கொண்டு வந்தவர்களில் பெண்களும் இருந்தார்கள். உளியும் சுத்தியலும் அவர்கள் கையில் இருந்தன. அது பெண்ணுக்கு ஆகாத வேலை என்று யாரும் சொல்லவில்லை. கல் போய்க் கம்பி வந்ததும் கருவி ஆணின் கைக்குப் போய்விட்டது. அப்படியானால் வேலையின் கடினம் அல்ல காரணம். புதிய தொழிலோடு வந்த கூலியும் மரியாதையுமே காரணம்.

உடனே வரும் பதில்: "கரண்ட் ஆபத்தும்மா." ஆபத்துதான். நம் வீடுகளில் ஓடுவது 230 வோல்ட். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் கண்டென்சரில் மின்சாரம் தங்கியிருக்கும்; அதை வடிக்காமல் தொடக்கூடாது. பழைய குழாய் டி.வி.யின் உள்ளே இருபதாயிரம் வோல்ட்டுக்கு மேல் போகும்; முறையாகப் பயிலாமல் அதன் முதுகைத் திறக்கவே கூடாது. இதையெல்லாம் ஒத்துக்கொண்டே கேட்கிறேன்: ஈரத் தரையில் வெறுங்காலோடு நின்று ஈரக்கையால் கிரைண்டரைத் தொடுவது யார்? பிய்ந்த வயரில் துணி சுற்றிய அயர்ன் பாக்ஸைப் பிடிப்பது யார்? ஆபத்து பெண்ணுக்கு ஏற்கெனவே வந்தாகிவிட்டது. அவளுக்கு வராமல் நிறுத்தப்பட்டிருப்பது அறிவு மட்டும்தான். எர்த் வயர் எதற்கு என்பதையும், மின்கசிவு வந்தால் கண்ணிமைப்பதற்குள் இணைப்பைத் துண்டிக்கும் ஆர்.சி.சி.பி. வீட்டில் இருக்கிறதா என்பதையும் முதலில் தெரிந்துகொள்ள வேண்டியவள் அவள்தான்.

அடுத்த பதில்: "பொம்பளைங்களுக்கு டெக்னிக்கல் மூளை கிடையாது." இதைச் சொல்கிறவரின் சட்டைப்பையில் இருக்கும் செல்போனைச் செய்தது யார்? ஸ்ரீபெரும்புதூரில் 2006 முதல் 2014 வரை இயங்கிய நோக்கியா ஆலையின் தொழிலாளர்களில் பெரும்பாலோர் இளம்பெண்கள். 1960-களில் அப்போலோ விண்கலங்களின் கணினிக்கு நினைவகம் வேண்டியிருந்தபோது, அமெரிக்காவின் ரேதியான் ஆலையில் பெண்கள் உட்கார்ந்து, செம்புக் கம்பியைக் காந்த வளையங்களுக்குள் ஒவ்வொன்றாகக் கோத்து நெய்தார்கள். 1965 முதல் 1975 வரை நியூ மெக்சிகோவின் ஷிப்ராக்கில் ஃபேர்சைல்டு நிறுவனத்தின் சில்லுகளைத் தயாரித்தவர்களில் மிகப் பெரும்பாலோர் நவாஹோ பழங்குடிப் பெண்கள். கம்பளம் நெய்யும் மரபு அவர்களுக்கு இருப்பதால் இந்த வேலை கைவந்தது என்று நிறுவனம் புகழ்ந்தது. அந்தப் புகழ்ச்சியில் ஒரு சூது இருக்கிறது. பெண்ணின் திறமையை இயல்பு என்று சொல்லிவிட்டால், அதற்குத் தனியாகச் சம்பளம் தர வேண்டியதில்லை. ஆலையில் நுண்ணிய விரல். வீட்டில் ஒன்றும் தெரியாத விரல். ஒரே விரல்தான்.

வெளிநாடுகளில் இப்போது ஒரு பொழுதுபோக்கு உண்டு. எண்பதுகளில் காசு போட்டு ஆடிய ஆளுயர வீடியோ கேம் பெட்டிகளை வாங்கி, வீட்டில் வைத்துப் புது வயர் இழுத்து, பழைய திரையை உயிர்ப்பிக்கிறார்கள். அதைச் செய்பவர்களில் பெரும்பாலோர் ஆண்கள். அதைக் கலை என்று கொண்டாடுகிறார்கள். நல்ல வேலைதான். ஆனால் அந்தக் காலத்து மின்னணு ஆலைகளின் வரிசைகளில் உட்கார்ந்து பற்றவைத்தவர்களில் பெரும்பாலோர் பெண்கள். 1981-இல் வந்த 'சென்டிபீட்' விளையாட்டை உருவாக்கிய இருவரில் ஒருவர் டோனா பெய்லி என்ற பெண். பழையதைச் சீர்செய்வது ஆண் செய்தால் கலை, கோயிலுக்குச் செய்தால் திருப்பணி. ஒரு டியூப்லைட் மாட்டினாலும் வெளிச்சம் மறைகிற அளவுக்கு 'உபயம்' எழுதிக்கொள்கிற ஊர் நம்முடையது. கிழிந்ததைத் தைத்து, உடைந்ததை ஒட்டி, ஒரு வீட்டை முப்பது வருஷம் ஓடவைக்கிற பெண்ணுக்கு எந்த உபயமும் இல்லை.

தோழிகளிடமிருந்தும் ஒரு எதிர்ப்பு வரும். அதைத்தான் நான் மதிக்கிறேன். "சமைக்கிறோம், துவைக்கிறோம், இதில் ரிப்பேரும் நாமே பார்க்கணுமா?" பார்க்க வேண்டாம். சம்பளமில்லாத வேலைப் பட்டியலில் இன்னொன்றைச் சேர்க்க நான் இதை எழுதவில்லை. சமையலைப் போல ரிப்பேர் இல்லை; அது வெளியே கூலி கிடைக்கிற தொழில். அதைக் கற்றவளுக்கு மூன்று சுதந்திரங்கள் உண்டு: தானே செய்யலாம், கூலி வாங்கிக்கொண்டு பிறருக்குச் செய்யலாம், "எனக்குத் தெரியும், ஆனால் இன்றைக்கு நீ செய்" என்று வீட்டு ஆணிடம் சொல்லலாம். தெரியாதவளுக்குக் காத்திருப்பது ஒன்றுதான் வழி.

எழுத்தறியாதவர்களுக்கு இதெல்லாம் நடக்குமா என்பவர்கள் ராஜஸ்தானின் திலோனியாவைப் பார்க்கட்டும். அங்குள்ள வெறுங்கால் கல்லூரியில் பள்ளிக்கூடம் போகாத பாட்டிகள், வயரின் நிறத்தை வைத்தே இணைப்புகளைக் கற்றுச் சூரிய விளக்குப் பொறியாளர்களாக ஊர் திரும்புகிறார்கள். தெலங்கானாவில் 2019-இல் ஜூனியர் லைன்மேன் வேலை பெண்களுக்கு மறுக்கப்பட்டபோது, சிலர் உயர்நீதிமன்றம் போனார்கள். கம்பம் ஏறிக் காட்டி, 2021-இல் சிரிஷா வேலையில் சேர்ந்தார்.

நம் பக்கத்துக்கு வருவோம். ஜெயங்கொண்டம், உடையார்பாளையம் பக்கத் தறி வீடுகளில் பாவில் ஓர் இழை அறுந்தால் கண்டுபிடித்து முடிச்சுப் போடுகிற பெண்கள் இருக்கிறார்கள். சுற்றுக்களை எண்ணிச் செம்புக் கம்பியைச் சுற்றுகிற மோட்டார் காயில் கட்டும் வேலை அவர்களுக்கு எட்டாததா? சுய உதவிக் குழுக்களுக்கு ஊறுகாய், மெழுகுவத்தி, ஃபினாயில் என்றே ஏன் பயிற்சி? பள்ளித் தொழிற்கல்வியில் பெண் பிள்ளையைச் செவிலியத்துக்கும் ஆடை வடிவமைப்புக்கும் அனுப்புகிற கை, மின் பொறியியலுக்கு ஏன் அனுப்பத் தயங்குகிறது? அரசு நடத்தும் கம்பியாள் உதவியாளர் தேர்வு இருக்கிறது. கம்பியாள் என்ற சொல்லில் ஆண் இல்லை, ஆள்தான் இருக்கிறது. அந்த ஆள் பெண்ணாகவும் இருக்கலாம்.

மாணவிகளே, அடுத்த முறை வீட்டில் ஏதாவது நின்றுபோனால், "அண்ணன் வரட்டும்" என்று யாராவது சொல்வார்கள். அண்ணன் வரட்டும். அதற்குள் பிளக்கைப் பிடுங்கி, கவிழ்த்து, அடிப்பக்கத்தைப் பார்த்து வையுங்கள்.